பட்டினத்துப் பூஞ்சோலைகள்

(நமது மன்றத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் இளைஞர் பகுதியின் சார்பில் நிகழ்த்தப்பெற்ற உரை)



சென்ற விடுமுறையில் மன்றத்து இளைஞர் ஒன்பது பேர் கொழும்புக்குச் சென்று மூன்று நாள் தங்கி வந்தோம். கண்டதை இந்த அவையிற் சொல்லவேண்டும் என்பது செயலாளர் அவர்களின் கட்டளை. புறப்படும் நாளில் பெரியவர் ஒருவர், "கப்பல் பார்க்கப் போகிறீர்களா, கடை பார்க்கப் போகிறீர்களா?" என்று கேட்டார். "இல்லை ஐயா, பழைய பூங்காக்களைப் பார்க்கப் போகிறோம்" என்றோம். அவர் வாய்விட்டுச் சிரித்தார். "மாத்தளையிற் பிறந்தவன் மரம் பார்க்கக் கொழும்புக்குப் போவதா? வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதைதான்" என்றார். அவர் சொன்னது உண்மையா பொய்யா என்பதை இந்தப் பேச்சின் முடிவில் நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள். அவரும் இதோ முன் வரிசையில் அமர்ந்திருக்கின்றார்.

பூங்காவைத் தேடும் எண்ணம் எங்களுக்கு எப்படி வந்தது? மணிமேகலையைப் படித்ததனால் வந்தது. அந்தக் காப்பியத்திலே, மலர்வனம் புக்க காதை என்றொரு பகுதி உண்டு. காவிரிப்பூம்பட்டினம் கடல்வாணிகத்தாற் செழித்த துறைமுக நகரம். மணிமேகலையின் கண்ணீர் பட்டு மாலை பழுதுபட்டது. ஆதலால் புதிய மலர் கொய்து வரும்படி தாய் மாதவி அவளை அனுப்ப எண்ணுகின்றாள். உடன் செல்ல இருக்கும் சுதமதியோ அஞ்சுகின்றாள். நகரத்துச் சோலைகளை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்க்கின்றாள். இலவந்திகைக்குப் போகலாமா? அங்கே அரசனைச் சேர்ந்தோர் இருப்பர். உய்யானத்துக்குப் போகலாமா? அது தேவர்களுக்குரியது, பூதங்கள் காவல் காக்கும். சம்பாதி வனமும் கவேர வனமும் எப்படி? அங்கே அணங்குறுத்தும் பழந்தெய்வங்கள் உறையும். எஞ்சியது உவவனம் ஒன்றே. ஐந்து சோலைகள் இருந்த மாநகரிலே, பூப்பறிக்கப் போன ஒரு பெண்ணுக்கு அச்சமின்றிச் செல்லத்தக்க சோலை ஒன்றுதான் இருந்தது. அங்கும் அவளைத் தேடி அரசகுமாரன் தேரேறி வந்துவிட்டான் என்பது கதை.

இதைப் படித்தபோது எங்களுக்குள் ஒரு கேள்வி எழுந்தது. பூங்கா என்பது யாருக்கு? அழகான சோலை ஒன்று நகரில் இருந்தால் மட்டும் போதுமா? அதனுள்ளே யார் போகலாம், யார் போகலாகாது என்பதையும் கேட்க வேண்டுமன்றோ? காவிரிப்பூம்பட்டினத்தைக் கடல் கொண்டுவிட்டது என்பர். நம் நாட்டிலோ, கடலோரத்தில் வாணிகத்தால் வளர்ந்த பழைய பட்டினம் ஒன்று இன்னும் உயிரோடிருக்கின்றது. 1344ஆம் ஆண்டில் இபுனு பதூதா என்ற அரபுப் பயணி கண்டு எழுதிய பட்டினம். 1505ஆம் ஆண்டின் பின் போர்த்துக்கேயரும், 1656ஆம் ஆண்டில் ஒல்லாந்தரும், 1796ஆம் ஆண்டில் ஆங்கிலேயரும் ஒருவர் கையிலிருந்து ஒருவர் பறித்துக்கொண்ட பட்டினம். அதன் சோலைகளைப் பார்த்து வருவோம் என்று முடிவு செய்து, விடியற்காலையில் மாத்தளைப் புகைவண்டி நிலையத்திற் கூடினோம்.

முதல் நாள் நாங்கள் தேடிச் சென்றது கொம்பனித்தெரு. ஒல்லாந்தக் கொம்பனி அடிமைகளை அடைத்துவைத்த இடமாதலால் ஆங்கிலத்தில் அதற்கு அடிமைத்தீவு என்ற பெயர் நிலைத்தது. மூன்று பக்கமும் வாவி, வாவியிலே முதலைகள், அடிமைகள் தப்பிப் போகாதிருக்க அதுவே வேலி என்று சொல்வர். அந்த இடத்தில் 1810ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் ஒரு தாவரவியற் பூங்காவை அமைத்தனர். இலண்டன் மாநகருக்கு அருகிலுள்ள கியூ பூங்காவின் பெயரையே அதற்கும் வைத்தனர். சீனாவிலே செடிகள் சேகரித்துக்கொண்டிருந்த வில்லியம் கேர் என்பவர் 1812இல் அதற்குப் பொறுப்பாளராக வந்தார். 1813இல் பூங்கா களுத்துறைக்கும், 1821இல் பேராதனைக்கும் மாறியது.

நாங்கள் தெருத்தெருவாகத் தேடினோம். உயர்ந்த கட்டடங்களையும் வாகன நெரிசலையும் கண்டோமேயன்றி, ஒரு பழைய மரத்தையேனும் இதுதான் அந்தப் பூங்காவின் எச்சம் என்று காட்டுவார் இல்லை. ஆனால் ஒரு தெருவின் பெயர்ப்பலகையில் 'கியூ வீதி' என்று எழுதியிருந்தது. பூங்கா போய்விட்டது, பெயர் மட்டும் பலகையில் நிற்கின்றது. அந்தப் பலகையின் கீழ் நின்று படம் எடுத்துக்கொண்டோம். வழியிற் போனவர்கள் எங்களை வியப்போடு பார்த்தனர்.

தோழர்களே, மறைந்துபோன அந்தச் சிறு பூங்காவுக்கும் நமக்கும் ஓர் உறவு உண்டு என்பதை அங்கே நின்றபோதுதான் எண்ணிப் பார்த்தோம். பேராதனைக்குப் பெயர்ந்த பூங்கா இன்று 147 ஏக்கர் பரப்புடன் நிற்கின்றது. அங்கே 1824இல் சீனத் தேயிலைச் செடி கொண்டுவந்து நடப்பட்டது. 1861இல் சிங்கோனா மரத்துக்காக ஹக்கலையில் ஒரு பூங்காவும், 1876இல் றப்பருக்காகக் கம்பஹாவில் ஹெனரத்கொடப் பூங்காவும் தோன்றின. பூங்காக்காரர்கள் கண்ணாடி வீட்டிலே ஒரு கன்றை வளர்த்துப் பார்த்தார்கள்; அது தழைத்ததும் மலைகளில் ஆயிரக்கணக்கான ஏக்கரில் நட்டார்கள். நடுவதற்கும் கொய்வதற்கும் ஆட்கள் வேண்டும். அந்த ஆட்கள் யார்? நம் பாட்டன்மாரும் பாட்டிமாருமே. பூங்கா ஓர் அழகுப் பொருள் என்று எண்ணிப் போனோம். நம் குடும்பங்கள் கடல் கடந்து வந்ததற்கான காரணங்களுள் ஒன்று அந்தப் பூங்காவின் நாற்றுமேடையில் முளைத்தது என்று அறிந்து திரும்பினோம்.

இரண்டாவதாகக் கறுவாத்தோட்டம். இன்றைக்குக் கறுவாத்தோட்டம் என்றால் செல்வர்களின் மாளிகைகளும் வெளிநாட்டுத் தூதரகங்களும் நிறைந்த பகுதி என்பதை எல்லோரும் அறிவீர்கள். பெயர் மட்டும் பழைய கதையைச் சொல்கின்றது. ஒல்லாந்தர் காலத்தின் பெரும்பகுதியில் கறுவாப் பட்டை காடுகளில் தானாக வளர்ந்த மரங்களிலிருந்தே உரிக்கப்பட்டது. தேசாதிபதி பால்க் என்பவரின் காலத்தில், 1760களின் இறுதியில், மருதானைப் பகுதியிலே கறுவாவை நட்டு வளர்க்கத் தொடங்கினர். அந்தத் தோட்டத்தின் வேலி எத்தகையது தெரியுமா? களவாகக் கறுவா வெட்டியவனுக்கும் விற்றவனுக்கும் மரணதண்டனை என்பது கொம்பனியின் சட்டம். கறுவா உரிப்பது ஒரு குலத்தார்மேற் சுமத்தப்பட்ட கட்டாய ஊழியமாக இருந்தது. ஆங்கிலேயர் காலத்தில், 1833ஆம் ஆண்டிலேதான் கறுவா மீதான அரசின் தனியுரிமை ஒழிந்தது. அதன்பின் தோட்டம் மெல்ல மெல்லத் துண்டாகி வீடுகளாயிற்று. மணம் வீசிய அந்தத் தோட்டத்தைச் சுற்றி அச்சத்தினால் வேலி போட்டிருந்தார்கள்.

மூன்றாவதாகக் கோட்டைப் பகுதியிலுள்ள கோர்டன் பூங்கா. 1883 முதல் 1890 வரை தேசாதிபதியாக இருந்த சேர் ஆதர் கோர்டனின் பெயரைத் தாங்கியது. போர்த்துக்கேய அரசின் சின்னமும் சிலுவையும் செதுக்கிய பாறையொன்று துறைமுகத்தருகே கண்டெடுக்கப்பட்டு இங்கே வைக்கப்பட்டது. நாட்டின் வரலாறு படிக்கும் மாணவர் தொட்டுப் பார்க்கவேண்டிய கல் அது. ஆனால் பூங்கா சனாதிபதி மாளிகையின் வளவோடு சேர்ந்தது. நெடுங்காலம் பொதுமக்களுக்கு அடைத்திருந்தது. நாங்கள் போன நாளிலும் மதிலுக்கு வெளியே நின்று, உள்ளே தெரிந்த மரங்களின் தலைகளை மட்டும் பார்த்தோம். காவிரிப்பூம்பட்டினத்து இலவந்திகை எங்கள் நினைவுக்கு வந்தது. ஆட்சியாளர் இருக்குமிடத்துச் சோலைக்கு அன்றும் மதில், இன்றும் மதில்.

இந்த மூன்றையும் கண்டபின் எங்கள் உற்சாகம் சற்றுக் குறைந்துவிட்டது. ஒன்று மறைந்தது; ஒன்று வீடானது; ஒன்று மதிலுக்குள் இருந்தது. களைத்துப்போய், அன்று மாலை காலிமுகத்திடலுக்குச் சென்றோம்.

காலிமுகத்திடலிலே பெரிய மரம் இல்லை, பூச்செடி இல்லை, புல்வெளியும் கடற்காற்றுமே உண்டு. ஒல்லாந்தர் தம் பீரங்கிகளுக்கு மறைப்பு இல்லாதிருக்கவேண்டி வெளியாக்கிய நிலம் என்பர். ஆங்கிலத் தேசாதிபதி சேர் ஹென்றி வார்ட் 1856இல் அங்கே ஒரு நடைபாதையைத் தொடக்கி 1859இல் முடித்தார். அங்கே ஒரு கல் இருக்கின்றது. கொழும்பின் பெண்களுக்காகவும் பிள்ளைகளுக்காகவும் இந்த இடத்தைப் பேணும்படி தமக்குப் பின்வரும் தேசாதிபதிகளுக்கு அவர் அதிலே பரிந்துரை செய்திருக்கின்றார். அவர் மனத்திலிருந்த பெண்களும் பிள்ளைகளும் யாவர் என்பதை நாம் ஊகித்துக்கொள்ளலாம். குதிரை வண்டியில் வந்த சீமாட்டிகளையே அவர் எண்ணியிருக்கக்கூடும். எனினும் ஒரு நல்ல சொல்லைக் கல்லிலே எழுதிவிட்டால், எழுதியவர் எண்ணாதவர்களும் ஒருநாள் வந்து அதற்கு உரிமை கொண்டாடுவார்கள். நாங்கள் போன மாலையிலே காற்றாடி விடும் சிறுவர்களும், இறால்வடை வாங்கித் தின்னும் குடும்பங்களும், முக்காடிட்ட தாய்மாரும், காவியுடுத்த பிக்குமாரும் ஒரே புல்வெளியில் இருந்தனர். எங்களை யாரும் எந்த ஊர், என்ன மொழி என்று கேட்கவில்லை.

இந்த இடத்துக்கு இனிய நினைவு மட்டும் உண்டு என்று சொன்னால் அது முழு உண்மையாகாது. 1956ஆம் ஆண்டு யூன் 5ஆந் திகதி, சிங்களம் மட்டும் ஆட்சிமொழி என்ற சட்டத்தை எதிர்த்துத் தமிழரசுக் கட்சியினர் இதே திடலில் சத்தியாக்கிரகம் இருந்தபோது தாக்கப்பட்டனர். 2022ஆம் ஆண்டு ஏப்பிரலிலே, பொருளாதார நெருக்கடியினால் வாடிய மக்கள் இனம் மதம் பாராது இதே திடலிற் கூடி மாதக்கணக்கில் இருந்தனர். 66 ஆண்டு இடைவெளியில் ஒரே புல்வெளி இரண்டு விதமான நாட்டைக் கண்டது. திறந்த வெளி ஒன்று இருப்பதனாலேயே மக்கள் நல்லவர்களாகிவிடுவதில்லை. ஆனால் மக்கள் ஒருவரையொருவர் கண்டுகொள்ள ஓர் இடம் வேண்டும். அது இல்லாவிடின், திருந்துவதற்கும் வாய்ப்பில்லை என்பதே அன்றிரவு நாங்கள் பேசி முடிவுகண்ட செய்தி.

இனி, ஐந்தாவது. மறுநாட் காலை விகாரமகாதேவி பூங்காவுக்குப் போனோம். முன்பு விக்டோறியாப் பூங்கா என்று பெயர் பெற்றிருந்தது. இரண்டாம் உலகப் போரின்போது அங்கே படையினர் தங்கியிருந்தனர். போருக்குப்பின் சீர்செய்து 1951இல் மக்களுக்குத் திறந்தனர். 1958இல் துட்டகைமுனுவின் தாயாகிய விகாரமகாதேவியின் பெயரைச் சூட்டினர். ஒரு பக்கம் 1877இல் திறந்த நூதனசாலை. மறுபக்கம் 1928இல் எழுந்த வெண்ணிற நகர மண்டபம். நடுவிலே நிழல் விரிக்கும் முதிய மரங்கள், தாமரைத் தடாகம், பிள்ளைகளின் ஊஞ்சல்கள். உள்ளே போக யாரும் தடுக்கவில்லை. மணிமேகலை இங்கே வந்திருந்தால் சுதமதிக்கு அவ்வளவு கவலை இருந்திராது என்று எங்கள் தோழியொருத்தி சொன்னாள். உடனே மற்றொருத்தி, "பகலில் மட்டுந்தான்" என்று திருத்தினாள். பெண்பிள்ளைகள் சொல்வதை ஆண்பிள்ளைகள் கவனித்துக் கேட்கவேண்டிய இடம் இது.

அங்கேதான் அந்தப் பெரியவரைச் சந்தித்தோம். அறுபது வயதை நெருங்குபவர், கையிலே நீண்ட விளக்குமாறு, இலைகளைக் கூட்டிக்கொண்டிருந்தார். எங்கள் பேச்சைக் காதிலே வாங்கியவர் விளக்குமாற்றை நிறுத்தி, "தம்பி, நம்ம மலைப் பக்கத்துப் பிள்ளைங்க மாதிரித் தெரியுது. எந்தத் தோட்டம்?" என்று கேட்டார். எங்களில் ஒருவன் விளையாட்டாக, "இந்தத் தோட்டத்தைத்தான் ஐயா பார்க்க வந்தோம்" என்றான். அவர் சிரித்தார். "இது தோட்டமில்லே தம்பி, பார்க்கு. தோட்டமின்னா வேலை செய்யிற இடம். பார்க்குன்னா சனங்க சும்மா உக்காந்திருக்கிற இடம்" என்றார்.

எங்களுக்குச் சுருக்கென்றது. தமிழிலே தோட்டம் என்ற சொல்லுக்கு எத்தனை உறவுச் சொற்கள்! கா, பொழில், சோலை, தண்டலை, நந்தவனம் என்று அடுக்கலாம். நம் ஊரிலோ 'எந்தத் தோட்டம்?' என்று கேட்டால், எந்தத் துரையின் கீழ் வேலை, எந்த லயத்திலே குடியிருப்பு என்பதே பொருள். ஒரே சொல் ஒருவருக்கு இன்பமும் மற்றொருவருக்கு உழைப்பும் ஆகிவிட்டது. அவர் மாத்தளைப் பக்கத்துத் தோட்டமொன்றிலே பிறந்தவர். பதினைந்து வயதிற் பட்டினத்துக்கு வந்தவர். "அப்படியானால் ஐயா, உங்களுக்கு இது தோட்டமா, பார்க்கா?" என்று கேட்டோம். அவர் சற்று யோசித்தார். "கிழமை நாளிலே தோட்டந்தான். ஞாயித்துக்கிழமை பேரப்பிள்ளைங்களைக் கூட்டிக்கிட்டு வருவேன். அன்னைக்கு எனக்கும் பார்க்குத்தான்" என்றார். மூன்று நாளில் நாங்கள் கேட்ட பேச்சுக்களுள் இதனைவிட மேலான ஒன்றைக் கேட்கவில்லை.

பெரியோர்களே, ஊர் திரும்பியதும் எங்கள் மாவட்டத்தை வேறு கண்ணோடு பார்த்தோம். அடுத்த ஞாயிறே தம்புள்ளை வழியாகச் சீகிரியாவுக்குப் போனோம். பலமுறை பார்த்த இடந்தான். முன்பெல்லாம் குன்றின்மேல் யார் முதலில் ஏறுவது என்ற போட்டியிலே, அடிவாரத்துத் தோட்டத்தைப் பாராமலே ஓடியிருக்கின்றோம். கி.பி. 477 முதல் 495 வரை ஆண்ட காசியப்ப மன்னன் அமைத்த நகரம் அது. மேற்கு வாயிலின் உள்ளே நேர்கோட்டில் வகுத்த நீர்த்தோட்டம். அதற்கு அப்பால் பாறைகளின் இயல்பான வடிவத்தோடு இணைந்த பாறைத்தோட்டம். அதன்மேல் படிப்படியான மேடைத்தோட்டம். துளையிட்ட சுண்ணக்கற் பலகைகளின் வழியே நீர் பீறிட்டு எழும் ஊற்றுக்கள் அங்கே உண்டு. நிலத்தடிக் கால்வாயிலே மேட்டிலிருந்து இறங்கும் நீரின் அழுத்தமே அவற்றை இயக்குகின்றது. பொறி ஒன்றும் இல்லை. நல்ல மழைக்காலத்தில் இன்றும் அவை இயங்குகின்றன. உலக மரபுரிமைச் சின்னங்களுள் ஒன்றாக 1982இல் அது ஏற்கப்பட்டது. ஆயிரத்தைந்நூறு ஆண்டுப் பழமையான இத்தகைய தோட்டம் உலகில் எத்தனை ஊருக்கு வாய்க்கும்? வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு அலைந்தோம் என்ற பெரியவரின் வாக்கு இங்கே உண்மையாயிற்று. எங்கள் தோல்வியை ஒப்புக்கொள்கின்றோம்!

ஆனால் காசியப்பன் அதனைத் தனக்காக அமைத்தான். தந்தையைக் கொன்று அரியணை ஏறியவனுக்கு அகழியும் மதிலும் வேண்டியிருந்தன. அவன் ஆண்டது 18 ஆண்டு. ஒருவனுக்காக அமைத்த தோட்டம் அவனோடு முடிந்துவிடாமல், பின்வந்தோர் எல்லோரும் வந்து பார்க்கும் தோட்டமாக மாறியதனாலேயே இன்றளவும் புகழ் பெற்றிருக்கின்றது.

இன்னொரு பாதையையும் நினைவூட்டுகின்றோம். கோப்பிக் காலத்திலே நம் முன்னோர் மன்னார்க் கரையில் இறங்கி, காடும் வரட்சியும் நோயும் கடந்து, கால்நடையாக மாத்தளைக்கு வந்தனர். வழியில் மாண்டவர் பலர். அந்த நடையை நினைவுகூர்ந்து, மலையக மக்களின் 200ஆவது ஆண்டையொட்டி, 2023ஆம் ஆண்டு யூலை 28இல் தலைமன்னாரிற் புறப்பட்ட நடைபயணம் ஓகஸ்ட் 12இல் இந்த மாத்தளையிலே நிறைவுற்றது. எங்களுட் சிலர் கடைசி நாளில் அவர்களோடு சேர்ந்து நடந்தோம். நடந்து வந்தவர்கள் இந்த ஊரிலே என்ன கேட்டார்கள்? நிலம் கேட்டார்கள்; வீடு கேட்டார்கள்; சமமான குடியுரிமை கேட்டார்கள். நாட்டுக்கே தோட்டம் போட்டுக்கொடுத்தவர்களிற் பலருக்கு, ஒரு முருங்கை நட்டு 'இது என்னுடையது' என்று சொல்ல ஒரு பேர்ச் நிலமும் உறுதியோடு இல்லை. இதனை அரசுக்கு எடுத்துரைப்போர் எடுத்துரைக்கட்டும். நாமும் துணை நிற்போம். ஆனால் நம் கையிலுள்ள நிலத்தை நாம் என்ன செய்யப் போகின்றோம்? இதுவே இன்று நாங்கள் கேட்க வந்த கேள்வி.

நமது மன்ற மண்டபத்தின் பின்னால் 18 பேர்ச் நிலம் இருக்கின்றது. அதிலே ஒரு வேம்பும், ஒரு பழங்கிணறும், நிறையக் குப்பையும் உள்ளன. அந்த நிலம் முழுவதையும் கொங்கிறீற்றுப் போட்டு, கடையறைகள் கட்டி வாடகைக்கு விடுவதென்ற பிரேரணை இன்று மாலை இந்த அவையின் முன் வர இருக்கின்றது. அதன் நோக்கம் தூயது. வாடகைப் பணத்தால் ஏழைப் பிள்ளைகளின் படிப்புக்கு உதவுவதே பெரியோர்களின் எண்ணம். அந்த உதவியைப் பெற்றுப் பல்கலைக்கழகம் புகுந்தவர்கள் எங்களிலேயே இருவர் இருக்கின்றனர். ஆகவே கடை வேண்டாம் என்று சொல்ல எங்களுக்கு நா எழாது.

நாங்கள் கேட்பது இவ்வளவே. 10 பேர்ச்சிலே கடையைக் கட்டுங்கள். வேம்பும் கிணறும் உள்ள 8 பேர்ச்சை எங்களிடம் விடுங்கள். அங்கே ஒரு நந்தவனம் அமைப்போம். நந்தியாவட்டை, செவ்வரத்தை, துளசி, பவளமல்லிகை, ஒரு வில்வம். இன்று வெள்ளிக்கிழமைப் பூசைக்கு மாலை கட்டும் பூவைக் கடையிலிருந்து காசு கொடுத்து வாங்குகின்றோம். பசுமை நிறைந்த மாத்தளையிலே இது நமக்குப் பெருமையா? வேம்பின் கீழ் நான்கு வாங்குகள் போடுவோம். காலையில் விளக்கேற்றும் நேரம் முதல் மாலையில் விளக்கேற்றும் நேரம் வரை படலைக்குப் பூட்டு வேண்டாம். சந்தைக்கு வந்த தாய் தன் பிள்ளையோடு சற்று இளைப்பாறட்டும். லயத்து அறையிலே படிக்க இடமில்லாத மாணவன் புத்தகத்தோடு வந்து அமரட்டும். நம் மதத்தவர்தாமா என்று யாரையும் கேட்க வேண்டாம்.

"நட்டால் யார் தண்ணீர் ஊற்றுவது?" என்று நீங்கள் கேட்பீர்கள். கேட்கவேண்டிய கேள்விதான். சென்ற ஆண்டு விழாவிலே பத்துக் கன்றுகளை நட்டோம், படம் எடுத்தோம், மலரிலும் வெளியிட்டோம். இன்று அவற்றில் எஞ்சியவை இரண்டே. அந்தப் பிழை எங்களுடையது. மறைக்கவில்லை. நடுவது ஒரு நாள் வேலை. பேணுவது எல்லா நாளும் செய்யும் வேலை என்பதை எட்டுக் கன்றுகளைப் பலிகொடுத்துக் கற்றுக்கொண்டோம்.

நாங்கள் மிஷன் பாடசாலையிலே படித்தவர்கள். வேதபாட வகுப்பிலே ஏதேன் தோட்டத்தின் கதையைக் கேட்டிருக்கின்றோம். மனிதனை அந்தத் தோட்டத்திலே வைத்தது அனுபவிப்பதற்கு மட்டுமன்று, உழைத்துப் பேணுவதற்கும் என்று எங்கள் ஆசிரியர் அழுத்திச் சொல்வார். பிந்தி வந்த மாணவரைப் பாடசாலைத் தோட்டத்திலே புல்லுப் பிடுங்க அனுப்புவார். அதைத் தண்டனை என்று எண்ணி முணுமுணுத்தோம். பின்னாளில் நம் சமய வரலாற்றைப் படித்தபோது, திருநாவுக்கரசர் கையிலே உழவாரப் படையை ஏந்திக் கோயில் முற்றங்களிற் புல்லுச் செதுக்கினார் என்று அறிந்தோம். திருப்புகலூர் முருக நாயனார் நாள்தோறும் பூக்கொய்து மாலை கட்டுவதையே தம் தொண்டாகக் கொண்டார். பெரியாழ்வார் நந்தவனம் வளர்த்தார். ஆண்டாளைக் கண்டெடுத்ததும் அந்தத் துளசிப் பாத்தியிலேதான். எங்களுக்குத் தண்டனையாகத் தெரிந்தது பெரியோர்களுக்குத் தொண்டாக இருந்தது. வேலை ஒன்றே, மனம் வேறு.

ஆகவே சொல்லளவில் நில்லாமல் ஒரு முறையையும் வகுத்திருக்கின்றோம். எங்கள் பகுதியிலே 24 பேர் பெயர் கொடுத்துள்ளோம். ஆறு ஆறு பேராக நான்கு குழு. மாதத்தின் ஒவ்வொரு ஞாயிறும் ஒரு குழுவின் முறை. இடைநாட்களிலே நீர் ஊற்ற, மண்டபத்துக்கு அருகில் வசிக்கும் மூவர் பொறுப்பேற்றுள்ளனர். கூரையில் விழும் மழைநீரைப் பீலி வைத்துக் கிணற்றுக்கே திருப்புவோம். சீகிரியாக் கால்வாயைப் பார்த்து வந்தவர்களுக்கு இதுகூடவா முடியாது! ஓராண்டு கழித்து இதே மேடையிலே கணக்குக் காட்டுவோம். மூன்றிலொரு பங்குக்கு மேற்பட்ட கன்றுகள் பட்டுப்போயிருந்தால், அந்த 8 பேர்ச்சிலும் கடையைக் கட்டிவிடுங்கள். நாங்கள் ஒரு சொல்லும் மறுத்துப் பேச மாட்டோம்.

பெரியோர்களே! பட்டினத்து ஐந்து சோலைகளையும் கண்டு வந்தோம். அவற்றுள் எது நிலைத்தது? அச்சத்தால் வேலியிட்ட கறுவாத்தோட்டம் நிலைக்கவில்லை. கன்று வளர்த்த கியூ பூங்காவுக்குத் தெருப்பலகை ஒன்றே எஞ்சியது. மதிலுக்குள் இருப்பது இருந்தும் நமக்கு இல்லாதது போன்றது. மக்கள் தம் பிள்ளைகளோடு வந்து அமர்ந்த இடங்கள் இரண்டுமே உயிரோடு இருக்கின்றன. விளக்குமாற்றோடு நின்ற அந்தப் பெரியவர், வேலை செய்யும் இடம் தோட்டம், சும்மா இருக்கும் இடம் பார்க்கு என்றார். நம் மன்றத்தின் பின்னால் இரண்டும் ஒன்றாக இருக்கும் ஓர் இடம் வேண்டும். ஞாயிறு காலையில் நாங்கள் மண்வெட்டி பிடிக்கவும், மாலையில் நீங்கள் வந்து வாங்கிலே அமரவும் ஓர் இடம். நாளை நம் ஊர்ப் பிள்ளையிடம் யாராவது 'எந்தத் தோட்டம்?' என்று கேட்டால், "எங்கள் மன்றத்துத் தோட்டம் ஐயா" என்று அவன் தலைநிமிர்ந்து சொல்லட்டும்.

பிரேரணை வரும்போது உங்கள் கைகள் எங்களுக்காகவும் உயரும் என்ற நம்பிக்கையோடு அமர்கின்றோம்.